கடைசி சஃபில் இரண்டு பேருக்கு இடம்

நம்மில் அரைவாசிப் பேருக்கு ஓட்டிசம் என்றால் ‘மை நேம் இஸ் கான்’தான். 2010இல் வந்த படம். ஷாருக்கான் நடித்த ரிஸ்வான் கான் பழுதான எதையும் திருத்துவான், கடைசியில் அமெரிக்க ஜனாதிபதியையே சந்திப்பான். பார்த்து அழுதோம். சரி.

எங்கட சாச்சிட மகன் ஒன்றையும் திருத்தமாட்டான். பதினொரு வயசு. பேச்சு குறைவு. வாயைத் திறந்தால் பஸ் கொண்டக்டர்தான்: “கல்முனை, கல்முனை, மட்டக்களப்பு!” பசிக்கும் அதுதான், சந்தோசத்துக்கும் அதுதான். எது எதுக்கென்று குரலை வெச்சே சாச்சி கண்டுபிடிப்பா.

போன றமழானில் ஒரு பள்ளிவாசலில் மைக் கிரீச்சிட்டது. அவனுக்கு அது காதுக்குள்ள ஊசி. கையை உதறிக் கத்தினான். மைக்கை யாரும் குறைக்கல்ல. ஒரு பெரியவர் சாச்சாவிடம், “மகன வீட்ட வெச்சிக்கொள்ளுங்க, தொழுறவங்களுக்கு இடைஞ்சல்” என்றார். ஏசல்ல, அன்பாத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் எரியுது.

குழந்தை அழும் சத்தம் கேட்டு, தாய் தவிப்பாளே என்று நபி (ஸல்) அவர்கள் தொழுகையைச் சுருக்கியது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கு. பயானில் எத்தனை தரம் கேட்டிருப்போம்! பிள்ளை வெளியே போகல்ல, தொழுகைதான் சுருங்கினது. ‘அவனுக்குக் கடமையில்லையே’ என்பீர்கள். இல்லையெண்டே வையுங்க. கடமையில்லை என்றால் வராதே என்றா அர்த்தம்?

அவன் பள்ளிக்கு வாறது ஃபேன் பார்க்க. எல்லாரும் ஸுஜூதுக்குப் போனாலும் அவன் மேலேதான் பார்ப்பான். வீட்டுக்கு வந்து பழைய கொப்பிகளில் வரைவான், பக்கம் பக்கமாக ஃபேன். அது இபாதத்தா, எனக்குத் தெரியா. நாம குனிஞ்சி கடைக்கணக்குப் பார்க்கிறதை விடக் குறைஞ்சதில்லை.

உடனே ஒருத்தர் ஸ்டீபன் வில்ட்ஷயர் வீடியோவைக் காட்டுவார். ஹெலிகொப்டரில் சுற்றிப்பார்த்து, நகரத்தையே ஞாபகத்திலிருந்து வரைகிற லண்டன் ஓவியர். “இவனும் அப்படி வருவான்!” வராட்டி? கெட்டிக்காரனுக்குத்தான் சஃபில் இடமா?

2009இல் வெளியான ஓர் ஆய்வு, இலங்கையின் ஓர் அரைநகர்ப் பகுதியில் 18–24 மாதப் பிள்ளைகளில் ஏறத்தாழ 93 பேருக்கு ஒருவர் என்று கண்டது. அந்தக் கணக்கை அக்கரைப்பற்றின் ஜும்ஆக் கூட்டத்தோட வெச்சுப் பாருங்க. மற்றப் பிள்ளைகள் எங்க?

சாச்சா இப்ப வீட்டிலதான் தொழுறார். வெள்ளிக்கிழமை அவனை நான் கூட்டி வாறன். வாசலுக்குக் கிட்ட, மைக்குக்குத் தூரமா இரண்டு பேருக்கு இடம் விடுங்க. ஃபேனைப் போட்டு வையுங்க.