அலமோவின் மறுபக்கம்

டெக்சாஸ் என்றதும் நம் நினைவில் எழுவது பாலைநிலம், குதிரைவீரன், துப்பாக்கி. கௌபாய் படங்களும் காமிக்ஸ்களும் தந்த இச்சித்திரத்தை, இலக்கியம் வாசிக்கும் நாமும் கேள்வியின்றி ஏற்றிருக்கிறோம். ஏறத்தாழ 6,95,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அம்மாநிலத்தின் மேற்கே சிவாவா பாலை இருப்பது உண்மைதான். மழை மிகுந்த கிழக்கே பைன் காடுகளும் ஆற்றங்கரை வண்டல் நிலங்களும் இருப்பதை ஏன் மறக்கிறோம்? பருத்தி விளைந்தது அங்கே. அடிமைகள் உழைத்ததும் அங்கேதான்.

1836-இல் அலமோ கோட்டையில் மாண்டவர்களை விடுதலை வீரர்கள் என்கிறது தொன்மம். எவருடைய விடுதலை? 1829-இல் மெக்சிகோ அடிமைமுறையை ஒழித்தபோது டெக்சாஸ் குடியேறிகள் விலக்குப் பெற்றனர். மெக்சிகோ மைய அரசின் அதிகாரக் குவிப்பும் அப்போருக்கு ஒரு காரணம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அதே 1836-இல் இயற்றப்பட்ட டெக்சாஸ் குடியரசின் அரசியல் சாசனம், அடிமைகளை விடுவிக்கும் அதிகாரத்தைத் தன் காங்கிரசுக்கே மறுத்தது. கால்வெஸ்டனில் விடுதலை ஆணை அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19 அன்று. லிங்கனின் பிரகடனம் வெளியாகி இரண்டரை ஆண்டுகள் கழித்து.

தனித்து நிற்கும் அப்பெருமிதம் பிற்காலத்திலும் விலை கேட்டது. கூட்டாட்சிக் கட்டுப்பாட்டைத் தவிர்க்கவே மாநிலத்தின் பெரும்பகுதி தனி மின்கட்டமைப்பை வைத்துக்கொண்டது. 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் எரிவாயுக் கிணறுகளும் மின்நிலையங்களும் உறைந்தபோது, அண்டை மாநிலங்களிலிருந்து போதிய மின்சாரம் பெற வழியில்லை. மாநில அரசின் கணக்கிலேயே 246 பேர் மாண்டனர்.

அலமோவின் வீரத்தை நம்மிடம் சிலாகிப்போர், கால்வெஸ்டனின் தாமதத்தையும் சேர்த்தே பேசட்டும்.