மதுரைக்கு ஒரு நாள், வேலை ஏதுமின்றி

மதுரைக்குப் போய் வந்தவரிடம் நம் ஊரில் கேட்கும் முதல் கேள்வி, "என்ன வாங்கி வந்தீர்கள்?" என்பதே. அடுத்த கேள்வி, "டாக்டர் என்ன சொன்னார்?" என்பது. "என்ன பார்த்தீர்கள்?" என்று எவரும் கேட்டு நான் அறியேன். கேட்டாலும் விடை கிடைப்பது அரிது. நம் மக்கள் மதுரையைப் பார்ப்பதற்காக மதுரைக்குச் செல்வதில்லை அல்லவா?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை சுமார் 75 கிலோமீட்டர். ராஜபாளையத்திலிருந்து இன்னும் பத்துக் கிலோமீட்டர் கூடுதல், அவ்வளவே. 1927 முதல் நமக்கு ரயில் பாதை இருக்கிறது. பேருந்துகளுக்கோ கணக்கில்லை. அப்படியிருந்தும் நம் திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் (அருணாசலேசுவரர் கோயில் கொண்ட ஊரை அல்ல, சீனிவாசப் பெருமாள் வீற்றிருக்கும் நம் குன்றையே சொல்கிறேன்) எத்தனை தாய்மார்கள் மதுரையைக் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள்? வயலுக்கும் தோப்புக்கும் நூற்பாலைக்கும் சத்திரப்பட்டித் தறிகளுக்கும் போய்வரும் அந்தத் தாய்மார்களில் ஒருவர், எங்கள் தெருவிலேயே இருப்பவர், பதினொரு முறை மதுரை சென்றவர். எல்லாம் மாமியாரின் கண்ணுக்காகவும் கணவரின் சிறுநீரகத்துக்காகவும். "மதுரை எப்படி அக்கா இருக்கும்?" என்று கேட்டேன். "நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் பெஞ்சு" என்றார். அவர் வேடிக்கையாகச் சொல்லவில்லை.

ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவின்போது ஆண்டாள் சூடிக் களைந்த மாலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைக்குப் புறப்படுகிறது. தல்லாகுளத்தில் கள்ளழகர் அதைச் சாத்திக்கொண்டுதான் வைகை ஆற்றுக்கு எழுந்தருளுகிறார். நம் ஊர் மாலை ஆண்டுக்கு ஒரு முறை மரியாதையோடு மதுரை பார்த்து வருகிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு அந்தப் பேறு இல்லை.

முன்பு இந்த நிலை இவ்வளவு மோசமாக இல்லை என்றே தோன்றுகிறது. அந்த அழகர் திருவிழாவுக்கு நாட்டுப்புற மக்கள் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு, குழந்தை குட்டிகளோடும் அரிசி பருப்போடும் மதுரைக்கு வந்து, ஆற்றங்கரையிலும் மண்டகப்படிகளிலும் நாட்கணக்கில் தங்கினார்கள். சமையலும் உறக்கமும் அங்கேயே. சாமி பார்த்ததுபோக மீதி நேரமெல்லாம் ஊர் பார்த்தார்கள். பேருந்து வந்தபின் பயணம் சுருங்கிற்று, அதோடு ஓய்வும் சுருங்கிற்று. இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம் என்றால் இரண்டு மணி நேரத்தில் திரும்பியும் விடலாமே என்று வீட்டார் கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள்!

"பெண்பிள்ளைகளுக்கு ஊர் சுற்றல் எதற்கு?" என்பது பழைய கேள்வி. ஆண்பிள்ளை நண்பர்களோடு மதுரைக்குப் போய்ச் சினிமா பார்த்துவிட்டு நள்ளிரவில் திரும்பினால் அது வயதுக்கோளாறு. அவன் தாய் ஒரு பகல் பொழுது போய் வந்தால் அது ஊர் சுற்றல்! புரட்டாசிச் சனிக்கிழமையில் திருவண்ணாமலைப் படியேற எவரும் தடை சொல்வதில்லை, ஏனெனில் அது வேண்டுதல். வேளாங்கண்ணிக்கும் அவ்வாறே. நான் பக்தியைக் குறை கூறவில்லை. ஆனால் ஒரு பெண் வீட்டைவிட்டுப் புறப்பட எப்போதும் ஒரு நேர்த்திக்கடனோ நோயோ கல்யாணப் புடவையோ சாக்காக இருக்க வேண்டுமா? பார்ப்பதே ஒரு காரணமாகாதா?

இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் 1841-ஆம் ஆண்டு ஜூலை 5 அன்று லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ரயிலில் சுமார் 500 பேரை, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு, அழைத்துச் சென்றார். அவர் மதுவிலக்குப் பிரசாரகர். ரயிலேறியவர்களில் பெரும்பாலோர் எளிய மக்கள். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற அவருடைய சுற்றுலாத் தொழில் அன்றைய ரயிலில்தான் தொடங்கிற்று. உழைப்பவனுக்குச் சாராயக்கடையைத் தவிர வேறு பொழுதுபோக்கும் வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆக, சுற்றுலா என்பது சீமான்களின் சொத்தாகவே பிறந்ததல்ல.

சரி, மதுரையில் எதைப் பார்ப்பது? இங்கேதான் நான் பலரோடு மாறுபடுகிறேன். பள்ளிச் சுற்றுலாக்களில் ஒரே நாளில் பத்து இடம் காட்டுவது வழக்கமாகிவிட்டது. தலையை எண்ணி ஏற்று, தலையை எண்ணி இறக்கு. மாணவிகள் இடங்களின் பெயரைக் குறித்துக்கொள்வதற்குள் விசில் ஊதிவிடும். பொறுப்பாசிரியைகளின் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. ஆயினும் அவ்வாறு பார்ப்பதைவிடப் பாராதிருப்பதே மேல். ஒரு நாளைக்கு இரண்டு இடங்கள் போதும் என்பது என் கருத்து.

அந்த இரண்டில் ஒன்று திருமலை நாயக்கர் மகாலாக இருக்கட்டும். 1636-இல் எழுந்த அந்த அரண்மனையில் நாம் இன்று காண்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. எஞ்சியதில் பெரும்பகுதியை அவர் பேரன் சொக்கநாதர் திருச்சிக்குப் பெயர்த்துக் கொண்டுபோனார். மிச்சமும் இடிந்து போகாமல் காத்ததில் 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராயிருந்த நேப்பியர் பிரபுவுக்குப் பங்குண்டு. அந்தத் தூண்களின் அருகே நம் ஊர்க் கொத்து வேலைக்குச் சித்தாளாகப் போகும் பெண்ணை நிறுத்திப் பாருங்கள். சுண்ணாம்புச் சாந்தின் வழவழப்பைக் கையால் தடவி, இதை எப்படி அரைத்தார்கள் என்று அவள் கேட்கும் கேள்வியை எந்த வழிகாட்டியும் கேட்டிருக்கமாட்டார். ஆனால் அவள் அங்கே அரைமணி நேரமாவது நிற்க வேண்டும்.

மற்றொன்று தமுக்கத்திலுள்ள காந்தி நினைவு அருங்காட்சியகம். இராணி மங்கம்மாளின் அரண்மனையாக இருந்த அந்த மாளிகையை 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு அருங்காட்சியகமாகத் திறந்து வைத்தார். சுடப்பட்ட அன்று காந்தியடிகள் உடுத்தியிருந்த, குருதி தோய்ந்த ஆடையின் ஒரு பகுதி அங்கே இருக்கிறது. அதே மதுரையில், மேலமாசி வீதி வீடொன்றில் தங்கியிருந்தபோதுதான், 1921 செப்டம்பர் 22 அன்று, அவர் வேட்டியும் சட்டையும் துறந்து அரையாடைக்கு மாறினார். வழியில் அவர் கண்ட ஏழைகளே அதற்குக் காரணம். நம் பாட்டன்மார்களைப் போன்ற நாட்டுப்புறத்தாரைப் பார்த்து ஒருவர் உடையை மாற்றிக்கொண்டார் என்றால், அந்த மாளிகையில் நாம் விருந்தாளிகள் அல்லவே!

மீனாட்சியம்மன் கோயிலும் அப்படித்தான். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோர் என்று ஒதுக்கப்பட்டவர்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துச் சென்றபோதுதான் அதன் வாயில் அவர்களுக்குத் திறந்தது. அதற்கு முன் நம் பக்கத்துக் குடும்பங்கள் பலவற்றின் பாட்டிமார் கோபுரத்தை வெளியில் நின்றே பார்த்தார்கள். அவர்களுடைய பேத்திகள் உள்ளே போகலாம். நேரம் மட்டும் இல்லை என்கிறார்கள்.

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். சாதாரண ரயிலில் கட்டணம் குறைவு. மதுரைக்குள் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. புளியோதரையும் தேங்காய்த் துவையலும் கட்டிக்கொண்டு போனால் ஓட்டலுக்கு அழ வேண்டியதில்லை. வழி தவறுமோ என்ற அச்சமும் வேண்டாம். கோயிலைச் சுற்றிச் சித்திரை வீதி, அதைச் சுற்றி ஆவணி மூல வீதி, அப்பால் மாசி வீதி, அதற்கும் அப்பால் வெளி வீதி என்று சதுரம் சதுரமாகவே அந்நகரம் அமைந்திருக்கிறது. எங்கே நின்றாலும் கோபுரம் எத்திசையில் இருக்கிறதென்று பார்த்துக்கொண்டால் போதும். ரயில் நிலையத்துக்கு எதிரே வழிப்போக்கர்களுக்காக இராணி மங்கம்மாள் பெயரில் ஒரு சத்திரமே உண்டு. ஊர் பார்க்க வருபவர்களைப் பற்றி ஒரு பெண் அரசி அன்றே எண்ணிப் பார்த்திருக்கிறாள்!

"எல்லாவற்றையும் கைபேசியிலேயே பார்த்துவிடலாமே" என்று சில தந்தையர் சொல்வார்கள். அவர்கள் அல்வாவையும் கைபேசியிலேயே தின்னட்டும்.

பெற்றோர்களே, வருகிற அரையாண்டு விடுமுறையில் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். அன்று ஆஸ்பத்திரிச் சீட்டும் ஜவுளிக் கணக்கும் பையில் இருக்கக் கூடாது. அருட்சகோதரிகள் மனம் வைத்தால், பள்ளிச் சுற்றுலாவில் ஒரு முறையேனும் மாணவியோடு அவள் தாய்க்கும் ஓர் இருக்கை தரலாம். மாணவிகளே, உங்கள் தாயார் பலருக்கு அங்குள்ள அறிவிப்புப் பலகைகளை விரைந்து படிக்க வராது. அவற்றை நீங்கள் வாய்விட்டு, நிறுத்தி நிறுத்திப் படித்துச் சொல்லுங்கள். அவர்கள் ஒரு தூணடியில் உட்கார விரும்பினால், பேருந்துக்கு நேரமாயிற்று என்று எழுப்பாதீர்கள். அடுத்த பேருந்து இருக்கிறது.