கொடிக்கயிறு யார் கையில்?

ஆகஸ்ட் 15 என்றாலே நமக்கு இரட்டை மகிழ்ச்சி. காலையில் அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாத் திருப்பலி. அது முடிந்ததும் ஆலய வளாகத்திலேயே கொடியேற்றம். பிள்ளைகளின் சட்டையில் மூவண்ணக் கொடி, கையில் மிட்டாய். பிறகு வீட்டில் உறவினர்களோடும் நண்பர்களோடும் விருந்து, தொலைக்காட்சியில் புதுப்படம். மாலையில் ஒரு மழை பெய்தால் அதுவும் கொண்டாட்டம்தான். அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் நம்மில் பலருடைய சுதந்திர நாள் இப்படித்தான் கழிகிறது. இதில் தவறு ஒன்றுமில்லை. குடும்பமாகக் கூடி மகிழ்வதும் சுதந்திரத்தின் கனிதான். ஆனால் இந்த மகிழ்ச்சி யார் யாருக்குக் கிடைக்கிறது என்ற கேள்வியையும் இந்த நாளில் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். வழக்கமாக நலச்சங்கத் தலைவர்தான் கொடியேற்றுவார். அந்த ஆண்டு அவரே, "இந்தத் தடவை நம்ம தெருவைச் சுத்தம் செய்யிற அம்மா ஏத்தட்டும்" என்றார். அந்தத் தூய்மைப் பணியாளர் பதறிப்போனார். "எனக்கு எதுக்குங்க ஐயா? பெரியவங்க யாராச்சும் ஏத்துங்க" என்று பின்வாங்கினார். பெண்கள் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். எந்தக் கயிற்றை இழுப்பது என்று ஒரு பையன் காட்டிக்கொடுத்தான். கொடி விரிந்து பூக்கள் விழுந்தபோது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "இருபது வருஷமா இந்த எடத்தைக் கூட்டிக்கிட்டு இருக்கேன். கயித்தை இன்னிக்கித்தான் தொடுறேன்."

அவர் ஏன் பின்வாங்கினார்? யாரும் அவரைத் தடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் கயிறு தனக்குரியது அல்ல என்று அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது நாம்தான்.

'கொடியை யார் ஏற்றுவது' என்பது தமிழகத்திற்குப் புதிய கேள்வி அல்ல. ஒரு காலத்தில் சுதந்திர நாளில் மாநிலத் தலைநகரங்களில் ஆளுநர்களே கொடியேற்றி வந்தார்கள். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதலமைச்சருக்கு அந்த உரிமை வேண்டும் என்று வாதாடிப் பெற்றவர் அன்றைய முதல்வர் மு. கருணாநிதி. 1974 ஆகஸ்ட் 15 அன்று புனித ஜார்ஜ் கோட்டையில் அவர் கொடியேற்றினார். இன்று எல்லா மாநிலங்களிலும் முதலமைச்சர்களே சுதந்திர நாளில் கொடியேற்றுகிறார்கள். மக்கள் யாரைத் தேர்ந்தெடுத்தார்களோ அவர் கையில்தான் கொடிக்கயிறு இருக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

அப்படியானால் அதே நியாயம் ஊராட்சித் தலைவருக்கும் பொருந்த வேண்டும் அல்லவா? நமது திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டி ஒன்றியத்தைச் சேர்ந்த ஆத்துப்பாக்கத்தில் 2020-ஆம் ஆண்டு நடந்தது நமக்குத் தெரியும். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட தலித் பெண் தலைவர், ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்ற விடாமல் தடுக்கப்பட்டார். செய்தி வெளிவந்த பிறகு, ஆகஸ்ட் 20 அன்று, மாவட்ட ஆட்சியரும் காவல்துறைக் கண்காணிப்பாளரும் உடனிருக்க அவர் கொடியேற்றினார். ஒரு கொடியை ஏற்றுவதற்கு ஐந்து நாள் தாமதம். அதற்கும் காவல்துறைப் பாதுகாப்பு! 2022-இல் சுதந்திர நாளுக்கு முன்னதாக, எந்த ஊராட்சியிலும் சாதியின் பெயரால் தலைவர்கள் தடுக்கப்படக் கூடாது என்று மாவட்ட ஆட்சியர்களுக்குத் தலைமைச் செயலாளர் கடிதம் எழுத வேண்டியிருந்தது. விடுதலை பெற்று 75 ஆண்டுகள் ஆன வேளையில் அப்படி ஒரு கடிதம் தேவைப்பட்டது என்பதை நினைத்துப் பார்ப்போம்.

கொடியிலிருந்து விடுமுறைக்கு வருவோம். ஆகஸ்ட் 15 விடுமுறை என்பது முதலாளிகள் மனமிரங்கிக் கொடுப்பது அல்ல. சட்டம் தந்த உரிமை. 1958-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் (தேசிய மற்றும் பண்டிகை விடுமுறைகள்) சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்கள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை நாட்கள். அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம் தர வேண்டும். இல்லையேல் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை தர வேண்டும். ஆண்டுதோறும் தொழிலாளர் துறை அதிகாரிகள் இந்த நாளில் கடைகளையும் உணவகங்களையும் ஆய்வு செய்வதும், விதிமீறல்களுக்காக நடவடிக்கை எடுப்பதும் செய்தியாக வருகின்றன. சட்டம் வந்து இத்தனை ஆண்டுகள் கழித்தும் அது மீறப்படுகிறது என்பதையே இச்செய்திகள் காட்டுகின்றன.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட், அசாம் மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர்கள் எத்தனையோ பேர் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு இந்தச் சட்டம் தெரியுமா? அடுக்குமாடிக் குடியிருப்பின் காவலாளிக்கு? உணவகத்தில் மேசை துடைக்கும் தம்பிக்கு? நம் வீட்டில் பாத்திரம் துலக்க வரும் அக்காவுக்கு? நமக்கு விடுமுறை என்பதால் விருந்தினர் வருகிறார்கள். விருந்தினர் வருவதால் அந்த அக்காவுக்கு அன்று இரு மடங்கு வேலை. நமது ஓய்வு நாள் இன்னொருவரின் முதுகின் மேல் ஏறி நிற்கக் கூடாது.

நம் பகுதிக்கும் சமத்துவக் கனவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. 1955 ஜனவரியில், காமராஜர் முதல்வராக இருந்தபோது, ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடியது. நாட்டின் இலக்கு 'சோசலிச மாதிரியான சமுதாயம்' என்ற தீர்மானம் இங்குதான் நிறைவேறியது. அதே ஆவடியில் 1960-களில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. நம் ஊர் மக்களுக்கு அது 'டேங்க் ஃபேக்டரி'. 1965-இல் முதல் விஜயந்தா டாங்கி இங்கிருந்துதான் வெளிவந்தது. பின்னர் அர்ஜுன் டாங்கியும் வந்தது. படைவீரர்களுக்குச் சீருடை தைக்கும் தொழிற்சாலையும் இங்கேயே உள்ளது. மலையாளம், தெலுங்கு, இந்தி பேசும் குடும்பங்கள் வேலைக்காக வந்து இங்கேயே வேரூன்றின. குடியரசு நாள் அணிவகுப்பில் டாங்கிகள் வரும்போது நாம் கைதட்டுகிறோம். அவற்றைப் பொருத்திய கைகளையும், சீருடையைத் தைத்த விரல்களையும் நினைக்கிறோமா? நாட்டுப்பற்று எல்லையில் மட்டுமல்ல, தையல் எந்திரத்தின் முன்னும் பிறக்கிறது.

அந்தக் கனவு வெறும் தீர்மானமாகவே நின்றுவிட்டதா? இல்லை. பூவிருந்தவல்லி ஒன்றியத்தில் உள்ள குத்தம்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். 1996-இல் அங்கே ஊராட்சித் தலைவரான இளங்கோ, அறிவியலாளர் வேலையை விட்டுவிட்டுத் தம் ஊருக்குத் திரும்பியவர். தலித் சமூகத்தைச் சேர்ந்தவர். அவர் காலத்தில் இரட்டை வீடுகள் கொண்ட குடியிருப்பு எழுந்தது. ஒரு சுவரின் இப்பக்கம் ஒரு தலித் குடும்பம், அப்பக்கம் வேறு சாதிக் குடும்பம். கிராம சபையில் பேசி, மக்களின் ஒத்துழைப்போடு செய்த வேலை அது. சுவரைப் பிரிவினைக்கும் எழுப்பலாம், உறவுக்கும் எழுப்பலாம் என்று குத்தம்பாக்கம் காட்டியது.

ஆகஸ்ட் 15 கிராம சபை கூடும் நாளும்கூட. நம்மில் பலர் இன்று மாநகராட்சிப் பகுதிகளில் வாழ்கிறோம். அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. எனவே கிராம சபை நமக்கு இல்லை. ஆனால் நகர்ப்புறங்களுக்கென வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் 2022-இல் தொடங்கப்பட்டன. குப்பை, குடிநீர், மழைநீர் வடிகால் என்று வீட்டில் உட்கார்ந்து புலம்புகிறோம். நம் பகுதி சபை எப்போது கூடுகிறது என்று கேட்டிருக்கிறோமா?

கிறிஸ்தவர்களாகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. நம் முன்னோர் இந்த நாட்டை நம்பினார்கள். அரசியல் நிர்ணய சபையின் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி ஒரு கிறிஸ்தவர். லொயோலா கல்லூரியின் முதல்வராக இருந்த இயேசு சபைத் தந்தை ஜெரோம் டிசூசா சென்னை மாகாணத்திலிருந்து அதில் உறுப்பினராக இருந்தார். சட்டமன்றங்களில் தங்களுக்குத் தனி இடஒதுக்கீடு வேண்டாம், பொது மக்களின் நல்லெண்ணமே போதும் என்ற நிலைப்பாட்டைக் கிறிஸ்தவப் பிரதிநிதிகள் எடுத்தார்கள். அயலாரை நம்பி எடுத்த முடிவு அது. அந்த நம்பிக்கைக்கு ஏற்ப நாம் அயலாரோடு கலந்து வாழ்கிறோமா, அல்லது நமது வளாகச் சுவருக்குள்ளேயே கொடியேற்றிவிட்டுக் கலைந்துபோகிறோமா?

இரு விழாக்களும் ஒரே நாளில் வந்தது யாரும் திட்டமிட்டதல்ல. ஜப்பான் சரணடைந்ததன் இரண்டாம் ஆண்டு நிறைவு என்பதால் மவுண்ட்பேட்டன் இந்த நாளைத் தேர்ந்தெடுத்தார். அதே காரணத்தால் கொரிய மக்களுக்கும் ஆகஸ்ட் 15 விடுதலை நாள். அங்குள்ள கத்தோலிக்கரும் நம்மைப் போலவே இரு விழாக்களையும் சேர்த்தே கொண்டாடுகிறார்கள். ஆனால் தற்செயலாக வந்த இந்த இணைப்பில் ஆழ்ந்த பொருள் இருக்கிறது. நாசரேத்தின் ஓர் ஏழைப் பெண்ணைக் கடவுள் உயர்த்தினார் என்பதுதான் விண்ணேற்பு. உலகம் தாழ்வாக நினைப்பவரைக் கடவுள் அப்படி நினைப்பதில்லை. இதை நம்புகிற நாம், கொடிக்கம்பத்தின் அருகே மட்டும் உயர்ந்தோர், தாழ்ந்தோர் என்று வரிசை வைக்கலாமா?

எனவே இந்த ஆகஸ்ட் 15-இல் சிலவற்றைச் செய்து பார்ப்போம். நம் தெருவிலோ அன்பியத்திலோ இதுவரை கயிற்றைத் தொடாத ஒருவரைக் கொடியேற்ற அழைப்போம். வீட்டு வேலைக்கு வருபவருக்குச் சம்பளத்தோடு விடுமுறை தருவோம். பாத்திரங்களை நாமே துலக்குவோம். சொந்த ஊர் போக முடியாத வடமாநிலத் தம்பிகள் இருவரை விருந்துக்கு அழைத்து ஒரே பந்தியில் அமர்வோம். அன்று பிள்ளைகளிடம், "இன்னிக்கு இவங்களும் நம்ம வீட்டுக்காரங்க" என்று சொல்வோம்.

பிள்ளைகள் மிட்டாயை மறந்துவிடுவார்கள். யார் கொடியேற்றினார், யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்பதை மறக்க மாட்டார்கள்.