கைவில்லா, குறுக்குவில்லா?



இந்த மாதம் நாம் பேசப் போவது ஆண்பிள்ளைகளின் சங்கதி போலத் தோன்றும். வேட்டைக்குப் பழைய கைவில் நல்லதா, குறுக்குவில் நல்லதா என்பதுதான் அது. "அடுப்படியில் கிடக்கும் எங்களுக்கு வில் எதற்கு?" என்று கேட்டுவிடாதீர்கள். வேட்டை வந்து முடியும் இடம் நம்முடைய அடுப்படிதான்.

முதலில் குறுக்குவில் என்றால் என்னவென்று சொல்லிவிடுவோம். துவக்கின் கட்டை போன்ற ஒரு பிடியின் முன்பக்கம் வில்லைக் குறுக்காகப் பூட்டியிருப்பார்கள். நாணை ஒருமுறை இழுத்துக் கொளுவிவிட்டால் அது அப்படியே நிற்கும். ஆறுதலாகக் குறிபார்த்து விசையைத் தட்டினால் அம்பு பாயும். கைவில் அப்படியல்ல. இழுத்த நாணைக் கையே தாங்க வேண்டும். மானின் கண்ணுக்கு எதிரே கையை அசைக்க வேண்டும். பழகி வர வருடங்கள் ஆகும். இருபது முப்பது யார் தூரத்துக்குள் நெருங்காமல் நல்ல வில்லாளிகூட எய்யத் துணியமாட்டான்.

அமெரிக்காவில் இது பெரிய விவாதம். அங்கே மான் வேட்டைக்குப் பருவம் உண்டு. அதில் வில்லுக்கென்று தனியாக நாட்கள் ஒதுக்குவார்கள். ஒஹாயோ மாநிலம் 1970களிலேயே குறுக்குவில்லுக்கு இடம் கொடுத்தது. பென்சில்வேனியா 2009இல் வில் பருவத்தைக் குறுக்குவில்லுக்கும் திறந்துவிட்டது. வயதானவர்களும் தோள் பலமில்லாதவர்களும் வேட்டைக்கு வர இது உதவும், குறியும் தப்பாது என்பது ஒரு சாராரின் பேச்சு. உழைத்துப் பழகாதவனும் ஒரே நாளில் வேட்டைக்காரன் ஆகிவிடுவான், பெயர்தான் வில், காரியம் துவக்கு என்பது மறு சாராரின் பேச்சு. பிரித்தானியாவோ 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் காட்டு விலங்குகளைக் கொல்ல இரண்டு வில்லுமே கூடாது என்று சொல்லிவிட்டது.

விவாதம் புதிதல்ல. கிறிஸ்தவர்மீது இந்த வில்லைப் பிரயோகிக்கக் கூடாதென்று பாப்பரசர் கூட்டிய சபை ஒன்று 1139இலேயே தடை போட்டது. காலால் மிதித்து நாணேற்றும் வில் அந்தலூஸ் முஸ்லிம்களிடமும் இருந்தது. கைவில் மேலா, கால்வில் மேலா என்ற பேச்சு நம்மவர்களின் பழைய வில் நூல்களிலும் உண்டு.

எந்த வில் மேல் என்று கேட்கும் முன்னால், விலங்கு எப்படிச் சாகிறது என்று நம் மார்க்கம் கேட்கிறது. அதிய்யு பின் ஹாத்திம் (ரலி) அவர்கள் வேட்டைப் பிரியர். இறகில்லாத அம்புத் தடியால் அடித்த வேட்டையைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் அவர் கேட்டார். கூர்முனை குத்திக் கிழித்திருந்தால் உண்ணலாம். குறுக்காக விழுந்து அடிபட்டுச் செத்திருந்தால் உண்ணக் கூடாது என்ற கருத்தில் பதில் கிடைத்தது. எய்யும்போது அல்லாஹ்வின் பெயர் சொல்ல வேண்டும். அம்பு பட்டது தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால் விட்டுவிட வேண்டும். கொன்றது அம்பா, தண்ணீரா என்று தெரியாதல்லவா?

சிந்தித்துப் பாருங்கள். இந்தச் சட்டங்கள் எல்லாம் வேட்டைக்காரன் அங்கே நிற்கிறான், பார்க்கிறான், பதில் சொல்லக் கடமைப்பட்டவன் என்று வைத்துக்கொண்டு சொல்லப்பட்டவை. கூரான அம்பு என்றால் அது கைவில்லிலிருந்து போனாலும் குறுக்குவில்லிலிருந்து போனாலும் கணக்கு ஒன்றுதான். துவக்குச் சன்னம் பட்டுச் செத்ததைப் பற்றி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. உயிரோடு எட்டிப் பிடித்துப் பிஸ்மி சொல்லி அறுத்ததில் யாருக்கும் பேச்சில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். நம் மாவட்டத்திலேயே மகாஓயாப் பகுதியில் பொல்லேபெத்த என்ற வேடுவர் கிராமம் இருக்கிறது. வேடுவரின் வில்லைப் பற்றி றொபட் நொக்ஸ் எழுதிய செய்தி ஒன்று உண்டு. 1660இல் மூதூர்ப் பக்கத்துக் கொட்டியாரக் குடாவில் பிடிபட்டு, பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்த ஆங்கிலேயர் அவர். வேடுவர் இரவில் வந்து கொல்லனின் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிட்டுப் போவார்களாம். தங்களுக்கு வேண்டிய அம்பு முனையின் அளவுக்கு இலையை வெட்டி அதோடு வைப்பார்களாம். கொல்லன் அடித்துக் கொடுத்தால் மேலும் இறைச்சி வரும். கொடுக்காவிட்டால் ஓர் இரவில் அவனுக்கே அம்பு வரும். 1681இல் அச்சான அவருடைய நூலில் இது இருக்கிறது. ஓர் இரும்பு முனைக்கு அவ்வளவு பாடுபட்டவன் அதை வீணாக எய்திருப்பானா?

அந்த வாழ்வு பின்னர் குறுகிப் போயிற்று. 1949இல் வேலை தொடங்கிய கல்லோயாத் திட்டத்தால் வேடுவர் திரிந்த காடுகளில் ஒரு பகுதி நீருக்குள் போனது. நம் சம்மாந்துறை, கல்முனை வயல்கள் குடிப்பது அந்த நீரைத்தான். 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா ஆனபோது தம்பானை வேடுவரின் வேட்டைக்காடும் மூடப்பட்டது. அவர்களின் தலைவர் திசாஹாமி கிராமத்தை விட்டுப் போக மறுத்து, 1998இல் மௌத்தாகும்வரை அங்கேயே இருந்தார்.

வில்லோடு நடந்தவனின் காடு மூடிவிட்டது. ஆனால் காட்டில் சாவு நின்றதா? இல்லை. கட்டுத்துவக்கு வந்தது, கயிற்றில் எது கால் பட்டாலும் வெடிக்கும், மானானாலும் மனிதனானாலும் சரி. கம்பிச் சுருக்கு வந்தது. அதில் கழுத்து இறுகிச் செத்தது ஹராம் என்று அல்மாயிதா அத்தியாயத்தில் தெளிவாகவே இருக்கிறது. எல்லாவற்றிலும் கொடியது 'ஹக்கப் பட்டாஸ்' என்னும் வாய்வெடி. காட்டுப் பன்றிக்கென்று தீனிக்குள் வெடியை மறைத்து வைக்கிறார்கள். யானைக்குட்டி கடிக்கிறது. தாடை சிதறி, தின்னவும் குடிக்கவும் முடியாமல் நாட்கணக்கில் துடித்துச் சாகிறது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 450க்கு மேற்பட்ட யானைகள் பல காரணங்களால் இறந்தன. அந்தக் காரணங்களில் இந்த வெடியும் ஒன்று.

கைவில்லிலிருந்து குறுக்குவில், அதிலிருந்து துவக்கு, அதிலிருந்து பொறி என்று ஒவ்வொரு படியிலும் வேலை சுளுவாகிறது. மனிதன் விலங்கை விட்டுத் தூரப் போகிறான். குறுக்குவில்காரன் இன்னும் நின்று பார்க்கத்தான் செய்கிறான். அதனால் அவனை மட்டும் குற்றம் சொல்வதில் நியாயமில்லை. ஆனால் கைவில்காரரின் பயம் பொய்யுமல்ல. சுளுவானது கவனத்தைக் குறைக்கும். பொறி வைத்தவனோ வீட்டில் படுத்துத் தூங்குகிறான். பிஸ்மி சொன்னது யார்? வலியைக் கண்டது யார்? பதில் சொல்வது யார்?

அறுக்கும்போதுகூடக் கத்தியைத் தீட்டிக்கொள்ளவும் பிராணிக்கு வேதனையைக் குறைக்கவும் கட்டளையிட்ட மார்க்கம் நம்முடையது. உயிருள்ளதைக் கட்டி வைத்துக் குறிபார்த்து விளையாடுவதைத் தடுத்த மார்க்கமும் அதுவே.

ஆகவே சகோதரிகளே, வாப்பாவோ மச்சானோ "மான் இறைச்சி மலிவாகக் கிடைத்தது" என்று ஒரு பொதியைக் கொண்டு வந்தால், சட்டியை அடுப்பில் வைக்கும் முன் கேளுங்கள். எப்படிச் செத்தது? யார் அறுத்தது? நேரில் கண்டது யார்? இன்னொன்றையும் நினைவூட்டுங்கள்: 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின்கீழ் புள்ளிமானையும் மரையையும் கொல்வதும், இறைச்சியை விற்பதும் இன்று குற்றம். பதில் தெரியாத இறைச்சியைச் சமைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம், மெதுவாகச் சொன்னால் போதும். வாங்குகிற வீடு குறைந்தால் பொறி வைக்கிற கையும் குறையும். பிள்ளைகள் வில் விளையாடினால் தடுக்க வேண்டாம். ஆனால் குறி பழகுவது மரத்தில், காகத்தில் அல்ல என்று சொல்லிக் கொடுங்கள்.

வாய்பேசா உயிர்களின் விஷயத்திலும் நாளை கேள்வி உண்டு என்ற பயத்தை அல்லாஹ் நம் உள்ளங்களில் தருவானாக. ஆமீன்.