ஏழாம் நாளுக்குத் தீனி எங்கே?

ஏஞ்சல் மீன் முட்டை போட்டிருக்கிறது என்று சொன்னால் ஹட்டனில் எல்லோருக்கும் சந்தோஷம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடிவந்து தொட்டியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். மீன் விற்கும் கடைக்காரர், "குஞ்சு பெருசானா எங்களுக்கே குடுங்கண்ணே, நல்ல விலைக்கு எடுக்கிறோம்" என்பார். சரி, குஞ்சு நீந்தத் தொடங்குகிற அன்றைக்கு அதற்கு என்ன தின்னக் கொடுப்பது என்று கேட்டுப் பாருங்கள். "முட்டைய அவிச்சி, மஞ்சக்கருவ துணியில கட்டி, கொஞ்சமா பிழிஞ்சி விடுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் பை கட்டப் போய்விடுவார்.

போதாது. போதவே போதாது. எத்தனை பேரிடம் சொல்லியும் இந்த மஞ்சள் கரு வைத்தியம் இந்த ஊரை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

மஞ்சள் கரு விழுந்த மறுநிமிஷம் தண்ணீர் வெளுத்துக் கலங்குகிறது. அது அசையாது. ஏஞ்சல் குஞ்சோ அசைவதைக் கண்டு பாய்ந்து கவ்வும் சாதி. தொட்டியில் விட்டதில் குஞ்சின் வாய்க்குள் போவது கொஞ்சம், அடியில் படிவது மிச்சம் எல்லாம். படிந்தது இரவோடு இரவாக அழுகி, காலையில் மூடியைத் தூக்கினால் வாடை அடிக்கிறது. அமோனியா ஏறிய அந்தத் தண்ணீரைத் தாங்க, கண்ணும் வாலும் மட்டுமே தெரிகிற குஞ்சுக்கு உடம்பு எங்கே இருக்கிறது? நூற்றுக்கணக்கில் நீந்தியவை சில விடியலுக்குள் பத்து இருபதாகி, பிறகு அவையும் இல்லாமல் போகும். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தீர்ப்பைச் சொல்லிவிட்டுப் போவார்கள்: "நம்ம குளிருக்கு இந்த மீன் சரிவராதுங்க." ஹீட்டர் 28 காட்டிக்கொண்டிருக்கும் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு குளிரைப் பழி சொல்கிறார்கள். அவை பசியிலும் அழுகிய தண்ணீரிலும் செத்தன. அதைத்தான் யாரும் ஒத்துக்கொள்வதில்லை.

இந்த மீனின் கணக்கு அப்படியொன்றும் பூடகமானதில்லை. ஆணும் பெண்ணும் சேர்ந்து அகலமான இலையையோ, பில்டர் குழாயையோ, சாய்த்து வைத்த ஸ்லேட் துண்டையோ வாயால் கொறித்துக் கொறித்துச் சுத்தம் செய்து, அதில் வரிசையாக முட்டை ஒட்டும். நல்ல சோடி என்றால் சில நூறு முட்டைகள். தண்ணீர் 27, 28 பாகையில் இருந்தால் இரண்டு, இரண்டரை நாளில் பொரிக்கும். வெள்ளையாகிப் போனது கருக்கட்டாத முட்டை. அதில் பூஞ்சணம் பிடித்துப் பக்கத்து முட்டைக்கும் பரவாமல் இருக்க, மெதிலீன் நீலத்தை இளநீலமாகத் தெரியும் அளவுக்கு விடுவார்கள்.

பொரித்த குஞ்சு உடனே நீந்தாது. தலையில் சுரக்கும் பசையால் இலையிலேயே தொங்கிக்கொண்டு வாலை மட்டும் ஆட்டும். வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கருப் பைதான் அந்த நாட்களுக்கு அதன் சாப்பாடு. அப்போது வெளியிலிருந்து எதைப் போட்டாலும் தண்ணீர் கெடுமே தவிர அதற்கு ஒன்றும் போய்ச் சேராது. முட்டையிட்டு ஏறக்குறைய ஏழாம் நாள் பை வற்றிவிடும். எல்லாம் ஒன்றாக எழும்பி நீந்தத் தொடங்கும். அன்றிலிருந்து உயிருள்ள தீனி வேண்டும், நாளுக்கு நாலைந்து தரம் வேண்டும், அதுவும் அன்றைக்கே வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிவைக்கும் இடமே இதில் கிடையாது.

அந்தத் தீனி ஆர்ட்டீமியா. உப்பேரிகளிலும் உப்பளங்களிலும் வாழும் பொடி இறால் இனம். அதன் முட்டை காய்ந்து வருடக்கணக்கில் உறங்கும். உப்புத் தண்ணீரில் போட்டு, வெளிச்சம் காட்டி, காற்றுக் குழாய் விட்டால் ஒரே நாளில் பொரிக்கும். வெளிவருவது அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. ஏஞ்சல் குஞ்சின் முதல் வாய்க்கு அளவெடுத்துச் செய்தது போல இருக்கும். மீன் குஞ்சுக்கு இது நல்ல தீனி என்று அமெரிக்காவில் ஆல்வின் சீல் எழுதியது 1933இல். நோர்வேயில் ரோலெஃப்சன் எழுதியது 1939இல். இன்றைக்கும் இது நம் ஊர்க் கடைக்காரருக்குப் புதுச் செய்தியாக இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது?

குஞ்சு இதைத் தின்பதைப் பார்த்தவர்கள் பிறகு மஞ்சள் கருவைக் கையால் தொடமாட்டார்கள். டோர்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு பாருங்கள். செம்மஞ்சள் பொடிகள் துடித்துத் துடித்து மிதக்கும். குஞ்சு ஒன்று நின்று, உடம்பை வளைத்து, குறி வைத்து, படக்கென்று நிமிர்ந்து கவ்வும். தவறவிட்டால் மறுபடி வளையும். கொஞ்ச நேரத்தில் ஊடுருவித் தெரிந்த வயிறு செம்மஞ்சளாக உப்பியிருக்கும். தின்னாத குஞ்சையும் உடனே அடையாளம் தெரியும். தலை பெருத்து, வயிறு ஒட்டி, அடியில் போய்ப் படுத்துவிடும். அது பிறகு எழும்பாது.

இப்போது அந்த முட்டைப் பாக்கெட்டுக்கு வருகிறேன். என் வயிற்றெரிச்சல் முழுவதும் அதில்தான்.

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து உப்பேரியில் அள்ளி, காயவைத்து, காற்றுப் புகாத டின்னில் அடைத்து வருவதுதான் நல்ல ஆர்ட்டீமியா முட்டை. புத்தளம், சிலாபம் பக்கத்து இறால் குஞ்சு பொரிப்பகங்களுக்கு அது டின் டின்னாக வேண்டும். நம்மைப் போல ஒரு தொட்டி வைத்திருப்பவனுக்கு முழு டின் எதற்கு? வாங்கத்தான் முடியுமா? 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று தீர்மானித்த தோட்டத்தில், ஒரு டின் என்பது பல நாள் கொழுந்து பறித்த காசு. அதனால் டின்னை உடைத்து, கரண்டி அளவில் சின்னச் சின்னப் பொலித்தீன் பைகளில் கட்டி விற்கிறார்கள். கட்டுவதில் தப்பில்லை. டின் எப்போது உடைத்தது என்று அந்தப் பையில் ஒரு வரி இருக்கிறதா? இல்லை. காலாவதித் திகதி? அதுவும் இல்லை. ஈரம் பட்டால் கெட்டுப்போகும் சரக்கை, மே மாதம் தொடங்கி மாதக்கணக்கில் மழையும் மூட்டமுமாக இருக்கிற ஊரில், கடைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். உப்புகூட ஜாடியில் கட்டியாகிற ஊர் இது!

பை செத்த சரக்கா உயிருள்ளதா என்று பார்த்துத் தெரிந்துகொள்ளவும் முடியாது. இரண்டும் ஒரே காப்பிப்பொடி நிறம். போத்தலில் போட்டு, ஒரு பகலும் இரவும் காற்று விட்டு, மறுநாள் விளக்கைப் பிடித்துப் பார்த்தால்தான் ஒன்றுமே பொரிக்கவில்லை என்பது தெரியும். அதற்குள் தொட்டியில் எழும்பியவற்றின் வயிறு ஒட்டிவிட்டிருக்கும். கடைக்குப் போய்ச் சொன்னால், "உப்பு சரியா போட்டீங்களா?" என்று நம்மிடமே கேள்வி. காசு போகட்டும், வேறு பை தருகிறேன் என்கிறார்கள். அந்த வேறு பையும் அதே டின்னிலிருந்து வந்ததுதான்.

உப்பு என்று வந்ததால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் மலைத் தண்ணீர் இந்த மீனுக்கு அமைந்த தண்ணீர். ஏஞ்சல் மீனின் பூர்வீகம் அமேசான் ஆற்றுப் படுகை. கனிமம் குறைந்த, லேசாகப் புளித்த, மென்மையான தண்ணீரில்தான் அதன் முட்டை நன்றாகக் கருக்கட்டும். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக் கல்லுக்கு அடியிலிருந்து வரும் கடினத் தண்ணீரில் இதைப் பொரிக்க அங்கே உள்ளவர்கள் மழைத்தண்ணீர் பிடித்துக் கலக்க வேண்டியிருக்கும். நமக்கோ பீலியில் விழுவதைப் பிடித்து, ஆறவைத்து, சூடேற்றினால் காரியம் முடிந்தது. (மலையில் மருந்தடித்த நாட்களில் மட்டும் பிடிக்காதீர்கள். கொப்புள நோய்க்கு அடிக்கும் செம்பு மருந்து கொஞ்சம் கலந்தாலும் குஞ்சு தாங்காது.) இத்தனை வாகான தண்ணீரே ஆர்ட்டீமியாவுக்கு ஆகாது. அதற்கு உப்போடு காரமும் வேண்டும், பிஎச் 8க்கு மேலே நிற்க வேண்டும். பீலித் தண்ணீரில் வெறும் உப்பைக் கரைத்தால் நல்ல முட்டைகூடப் பாதிதான் பொரிக்கும். ஒரு லீட்டருக்கு 25, 30 கிராம் உப்போடு ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டால் நிலைமை மாறிவிடும். இதை ஒரு கடையில் ஒரு ஆள் சொல்லியிருக்கிறாரா? பாக்கெட்டோடு ஒரு துண்டுக் காகிதம்? விளக்கம் கேட்டுப் போன இடங்களில் கையில் திணிக்கப்பட்டது சிங்களத்தில் இருந்தது, இல்லாவிட்டால் ஆங்கிலத்தில் இருந்தது. அதுவும் கப்பி வளர்ப்பைப் பற்றியது. தமிழில் ஒரு பக்கம் அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

குளிர் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். அங்கே ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் உறைபனி கிடக்கும். வெள்ளைக்காரன் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஓடைகளுக்கென்று கொண்டுவந்து விட்டது டிரவுட் மீனை. அதற்கு இந்தக் குளிர் சரி. ஏஞ்சலுக்கு ஹீட்டர் இல்லாமல் முடியாது. ஆர்ட்டீமியாப் போத்தலுக்கும் அதே 28 பாகை வேண்டும். இஸ்தோப்பில் குளிரில் வைத்தால் ஒரு நாளில் பொரிக்க வேண்டியது இரண்டு நாளாகும், அதுவும் அரையும் குறையுமாக. போத்தலைத் தொட்டிக்குள்ளேயே பாதி முங்கக் கட்டிவிடுங்கள், தனியாக இன்னொரு ஹீட்டர் தேவையில்லை. இதுவும் யாரும் சொல்லிக்கொடுக்காமல் பட்டுத் தெரிந்துகொண்டது.

கரண்ட் போனால் இரண்டும் சேர்ந்து குளிரும். காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் எங்கள் கண்ணுக்கு எதிரே நிறைந்து கிடக்கின்றன. லக்சபானவுக்கும் நோர்ட்டனுக்கும் போய் நாட்டுக்கே வெளிச்சமாகும் தண்ணீர் இந்த மலைகளில் பெய்ததுதான். அப்படியிருந்தும் ஒரு மரக்கிளை கம்பியில் விழுந்தால் லயத்தில் இரவு முழுக்க இருட்டு. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த மாதங்களில் இந்த மலையில் குஞ்சு வைத்திருந்தவர்கள் வளர்ப்பையே கைவிட்டார்கள். கடல் மீன் வருகிற ரெஜிபோம் பெட்டியை உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, அதில் குஞ்சு வளர்த்தால் சூடு சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். பழைய பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள்.

எனக்கு ஆறாமல் இருப்பது தோட்டத்துப் பொடியன்களை நினைத்துத்தான். கொழும்பில் கடை வேலைக்குப் போகாமல் ஊரிலேயே ஏதாவது செய்வோம் என்று, லயக் காம்பராவில் இருக்கிற கொஞ்ச இடத்தில் கண்ணாடித் தொட்டி வைக்கிறார்கள். சென்னையில் கொளத்தூரைப் பாருங்கள். வீட்டுக் கொல்லையிலும் மொட்டை மாடியிலும் வண்ண மீன் பொரித்தே அங்கே எத்தனையோ குடும்பம் பிழைக்கிறது. அங்கே தீனி எட்டும் தூரத்தில், தெரிந்தவன் பக்கத்துத் தெருவில். இங்கே பொடியன் தனியாக நிற்கிறான். முதல் பொரிப்பு போகும், இரண்டாவது போகும். "அண்ணே, நமக்கு ராசியில்லைண்ணே" என்று தொட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிடுவான். ராசிக்கு என்ன வந்தது தம்பி? உனக்கு விற்றது செத்த முட்டை.

புத்தளம் உப்பளங்களில் ஆர்ட்டீமியா தானாகவே வாழ்கிறது. ஆய்வாளர்கள் எழுதியும் இருக்கிறார்கள். வியட்நாமில் வின்சாவ் உப்பளக்காரர்கள் 1980களிலிருந்து வெளியூர் இனத்தைக் கொண்டுவந்து விட்டு, முட்டை அள்ளி விற்கிறார்கள். நம் உப்பளத்திலிருந்து மலைக்கு நல்ல முட்டை என்றைக்கு வரும் என்று நான் காத்திருக்கப் போவதில்லை. கடைக்காரர்களிடம் இப்போதே கேட்கிறேன். டின் உடைத்த திகதியைப் பையில் எழுதுங்கள். பையை இறுகக் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். டின் உடைத்த அன்றைக்கே ஒரு கரண்டி பொரித்துப் பார்த்துவிட்டு விற்பனைக்கு வையுங்கள். பொரிக்காத டின்னைத் திருப்பி அனுப்புங்கள். எங்கள் தலையில் கட்டாதீர்கள்.

அதுவரைக்கும் மைக்ரோ வேர்ம் வளர்த்து வையுங்கள். ஓட்ஸ் கஞ்சியில் நெளியும் மயிரிழைப் புழு அது. உப்பு வேண்டாம், கரண்ட் வேண்டாம், காம்பராச் சூடே போதும். ஆர்ட்டீமியா அளவுக்குச் சத்து இல்லை, அடியில் இறங்கியும்விடும். ஆனால் ஆர்ட்டீமியா பொய்த்துப்போன அன்றைக்குக் குஞ்சின் உயிரைப் பிடித்து வைக்கும். கெட்டியாகக் காய்ச்சிய ஓட்ஸை டப்பாவில் விரல் கனத்துக்குப் பரப்பி, மேலே தாய்ப்புழு ஒரு கரண்டி. சில நாளில் புழு சுவரேறும், அதை விரலால் வழித்துத் தொட்டியில் கழுவிவிட வேண்டியதுதான். தாய்ப்புழு என்னிடம் எப்போதும் இருக்கும், ஹட்டன் பக்கம் யார் கேட்டாலும் சும்மாவே தருகிறேன். சோடி இலையைச் சுத்தம் செய்யத் தொடங்கும்போதே வந்து வாங்கிக்கொள்ளுங்கள், முட்டை போட்ட பிறகு வந்தால் புழு பெருக நாள் போதாது. மூடியில் ஊசித்துளை போட்ட மாஜரின் டப்பா ஒன்றையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.