ஆல்ஃபா போட்டால் ஆராய்ச்சி ஆகிவிடுமா?

டோபாலஜி என்ற கணிதத்தில் 'பிரிப்பு விதிகள்' என்று சில உண்டு. எந்த இரண்டு புள்ளிகளை எடுத்தாலும், ஒன்றோடொன்று கலக்காத இரண்டு 'திறந்த கணங்களுக்குள்' தனித்தனியே வைக்க முடியுமானால் அது ஹவுஸ்டார்ஃப் வெளி. இரண்டு வீட்டுக்கும் தனித்தனி காம்பவுண்டு, அவ்வளவுதான். நான் படித்த பிரெஞ்சு மொழியில் இதற்கு 'செபாரே' என்று ஒரே சொல். பிரிந்தது என்று பொருள்.

1963-இல் நார்மன் லெவின் 'அரைத் திறந்த' கணங்களைக் கொண்டுவந்தார். 1965-இல் நியாஸ்டாட் 'ஆல்ஃபா' கணங்களைக் கொண்டுவந்தார். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அதன்பின் தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் ஆல்ஃபா, பீட்டா, காமா என்று முன்னால் எழுத்தை ஒட்டி ஒட்டி எழுதிய ஆய்வேடுகளைத்தான் கேட்கிறேன்: புதிதாக என்ன சொன்னீர்கள்?

ஆல்ஃபா கணங்கள் சேர்ந்தாலே ஒரு டோபாலஜி ஆகிவிடும் என்பதை நியாஸ்டாடே காட்டிவிட்டார். ஆகவே 'ஆல்ஃபா ஹவுஸ்டார்ஃப்' பற்றிய தேற்றம், பழைய தேற்றத்தை வேறொரு டோபாலஜியில் எழுதியதுதான். அதைவிட வேடிக்கை, ஆல்ஃபா ஹவுஸ்டார்ஃபும் வெறும் ஹவுஸ்டார்ஃபும் ஒன்றேதான்! பழைய கோப்புக்குப் புது ந.க. எண் போட்ட கதை. முப்பது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இது தெரியாதா?

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அதன் பெயர் ஃபங்க்டர். ஒரு பதிவேட்டை இன்னொன்றுக்கு மாற்றினால் பெயர்கள் மட்டும் வந்தால் போதாது, யாருக்கு யார் என்ன உறவு என்பதும் குலையாமல் வர வேண்டும். இங்கே உறவு என்பது தொடர்ச்சியான சார்பு. 1937-இல் ஸ்டோனும் செக்கும் தனித்தனியே கண்ட அமைப்பு அப்படி எல்லா உறவையும் சுமந்து செல்கிறது. ஆல்ஃபா மாற்றமோ, தளத்தின் மேல் ஒரு நேர்கோட்டை அப்படியே வைக்கும் சாதாரணச் சார்பைக்கூடக் காப்பாற்றுவதில்லை.

"நம்ம பிள்ளைகளுக்கு இவ்வளவுதான் எட்டும்" என்கிறார்கள். பொய். சென்னையில் ஆர். வைத்தியநாதசுவாமி 1947-இலேயே கண டோபாலஜிக்கு முழு நூல் எழுதினார். 1966-இல் தொடங்கிய மதுரைப் பல்கலைக்கழகத்தில், சில வருஷங்களிலேயே வி. கண்ணன் கேட்டகரி வழியில் டோபாலஜியை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். நம் சோழபுரத்திலிருந்து பஸ் ஏறினால் மதுரை எவ்வளவு தூரம்?

உண்மைக் காரணம் எண்ணிக்கை. ஆய்வேடு கொடுக்குமுன் ஒரு கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும் என்றது யு.ஜி.சி.யின் 2016 விதி. 2022-இல் அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கட்டுரைக்கு மார்க் இன்னும் இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு அச்சடிக்கும் பத்திரிகைகளுக்கும் பஞ்சமில்லை. நஷ்டம் யாருக்கு? நகையை அடகு வைத்துப் பீஸ் கட்டிய வீட்டுப் பெண்ணுக்கு. ஐந்து வருஷ உழைப்பு ஓர் எழுத்தை ஒட்டுவதில் போய்விடுகிறது.

வாய்மொழித் தேர்வுக்கு வரும் பேராசிரியர்களே, இரண்டே கேள்வி கேளுங்கள்: "உன் வரையறை பழையதிலிருந்து உண்மையில் வேறா? உறவுகளைக் காப்பாற்றுகிறதா?" பதில் இல்லையென்றால் அந்தப் பிள்ளையை விட்டுவிட்டு, வழிகாட்டியை எழுந்து நிற்கச் சொல்லுங்கள்.