அக்கியும் அசட்டையும்

அக்கி கண்டால் குயவரிடம் சென்று காவி மண்ணால் எழுதிக்கொள்ளும் வழக்கம் தமிழ் நாட்டில் இன்னும் அழியவில்லை. இதைக் குறித்துப் பெரம்பலூர், அரியலூர் ஜில்லாத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

அவ்வழக்கத்தை நாம் பரிகசியோம். வேறு கதியற்ற காலத்தில் ஏழைக்கு அதுவே ஆறுதல். இன்றோ நிலைமை வேறு. நரம்பில் பதுங்கிய சின்னம்மைக் கிருமியே அக்கியாய்க் கிளம்புகிறது. அதை அடக்கும் அஸைக்ளோவிர் போன்ற மருந்துகளை, 1970ஆம் வருஷத்துப் பேடண்டுச் சட்டத்தின் பயனாக, நம் தேசக் கம்பெனிகளே சகாய விலைக்குச் செய்யலாயின. ஆயினும் கொப்புளம் கண்ட 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் மிகுந்த பலன். காவிக்கென அந்த மூன்று நாளையும் போக்குவது பெருநஷ்டம். நெற்றியிலோ மூக்கிலோ கண்டால் கண்ணுக்கே அபாயம்.

வைத்தியர் சீட்டின்றிக் கடையில் வாங்கி விழுங்குவதும் பிசகே. சிறுநீரகம் பழுதுற்றோர்க்கு அளவு குறைய வேண்டும். தண்ணீர் தாராளமாய்ப் பருக வேண்டும். கொப்புளம் வாடியதென்று பாதியில் நிறுத்தலாகாது.

அரியலூரில் 2022இல் சர்க்கார் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. அது போதாது. இரு ஜில்லாக்களிலும் ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் இம்மருந்து குறைவின்றி இருக்கச் செய்வது சர்க்காரின் கடமை. தம்மை நாடி வருவோரை அன்றே வைத்தியரிடம் அனுப்பும்படி குயவர்களை வேண்டிக்கொள்வது தொண்டர்களின் கடமை.